சனி இரவு பஸ்கா விளக்கை எந்தத் தீயில் ஏற்றுவது?

குமரிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். ஜெருசலேமில் 80 வயது தாண்டிய ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வழக்கமாகப் பண்டிகைக்கு அவருடைய மகள் வந்துவிடுவார், விளக்கேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு, நான் சமையலறைப் பக்கம் இருந்துவிடுவேன். இந்த முறை மகள் வெளிநாட்டில் இருக்கிறார். பஸ்கா 2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை இரவு தொடங்குகிறது. பாட்டி நேற்று என்னிடம், "வெள்ளிக்கிழமையே ஒரு தீயை ஏற்றி வைத்துவிட வேண்டும், சனி இரவு தீக்குச்சி கிழிக்கக் கூடாது, ஆனால் மெழுகுவர்த்தி ஏற்றலாம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன், முழுதாகப் புரியவில்லை. ஷபாத்தில் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள்) தீயே கூடாது என்று தெரியும். பண்டிகையில் மட்டும் பாதி கூடும் பாதி கூடாது என்பது எப்படி? இன்னொன்று, நான் யூதர் இல்லை, நான் தீக்குச்சி கிழித்தால் என்ன? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், பாட்டியிடம் திரும்பத் திரும்பக் கேட்டால் களைத்துவிடுகிறார்.

ஜெர்சி செந்தில்:
அக்கா, எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேர் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள், அதனால் இந்தக் கூத்து எனக்குப் பழக்கம். விஷயம் எளிது. பண்டிகை நாளில் (யோம் டோவ் என்பார்கள்) இருக்கிற தீயிலிருந்து தீ எடுக்கலாம், புதுத் தீ உண்டாக்கக் கூடாது, எரிகிற தீயை அணைக்கவும் கூடாது. அதனால்தான் முன்கூட்டியே நீண்ட நேரம் எரியும் கண்ணாடிக் குவளை மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைக்கிறார்கள். 24 மணி நேரம், 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று இங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். 2024 அக்டோபரில் ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) வியாழன் வெள்ளியில் வந்து அதோடு சனி ஷபாத் ஒட்டிக்கொண்டது, அப்புறம் சுக்கோட் பண்டிகையும் அப்படியே, அதன் கடைசி நாட்களும் அப்படியே. ஒரே மாதத்தில் மூன்று தடவை மூன்று நாள் தொடர். கடையில் பெரிய மெழுகுவர்த்தி எல்லாம் காலி.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 24 மணி நேரம் என்று எழுதியதை வாங்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜெருசலேமில் ஷபாத் விளக்கை சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்னாடியே ஏற்றும் வழக்கம், மற்ற ஊர்களில் பெரும்பாலும் 18 நிமிடம்தான். நீங்கள் வெள்ளி மாலை ஏற்றி, சனி இரவு நட்சத்திரம் தெரிந்த பிறகு அதிலிருந்து எடுக்க வேண்டும். 25 மணி நேரத்துக்கு மேல் போகும். சில பிராண்டுகள் 26 மணி நேரம் வரை தாங்கும், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். 48 வாங்கிவிடுங்கள்.

ஏட்டிக்குப்போட்டி:
இதையெல்லாம் படித்தால் சிரிப்புதான் வருகிறது. கடவுள் தீ மூட்டாதே என்றாராம், இவர்கள் முந்தின நாளே மூட்டி வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்துக்கொள்வார்களாம். கடவுளையே ஏமாற்றுகிற வேலை இல்லையா இது? வருமான வரிக்கு ஆடிட்டர் வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூடும் என்றால் தீக்குச்சியும் கூட வேண்டும், கூடாது என்றால் மெழுகுவர்த்தியும் கூடாது. நேர்மையாக ஒரு பக்கம் நிற்க வேண்டாமா?

ஓலைச்சுவடி:
ஏட்டி சார், நீங்கள் ஷபாத்தையும் பண்டிகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். தீ மூட்டாதே என்பது பைபிளில் யாத்திராகமம் 35:3இல் ஓய்வுநாளுக்குச் சொன்னது. பண்டிகைக்கு 12:16இல் வேறு மாதிரி இருக்கிறது: அன்று வேலை செய்யக்கூடாது, ஆனால் அவரவர் சாப்பிடுவதற்குத் தேவையானதை மட்டும் செய்துகொள்ளலாம். அதாவது பண்டிகை நாளில் சமைக்கலாம். சமைக்கலாம் என்றால் அடுப்பில் தீ வேண்டும். ஆக தீ ஆரம்பத்திலிருந்தே அனுமதிக்கப்பட்ட பொருள்தான், யாரும் சந்துபொந்து தேடிக் கண்டுபிடித்தது இல்லை.

அப்புறம் அடுத்த கேள்வி வருகிறது. சமையலுக்குத் தீ சரி, வெளிச்சத்துக்கு? இதில்தான் பழைய காலத்து இரண்டு சட்டப் பள்ளிகளுக்குள், ஷம்மாய் பள்ளிக்கும் ஹில்லேல் பள்ளிக்கும், வாதம். சாப்பாட்டுக்காக அனுமதித்த ஒரு வேலை, சாப்பாடு அல்லாத தேவைக்கும் அனுமதிதான் என்பது ஹில்லேல் பக்கம், அதுதான் நிலைத்தது. தல்மூத் என்ற யூத சட்ட விவாதத் தொகுப்பில் பெய்ட்ஸா என்ற பகுதி முழுக்க இந்த மாதிரிப் பண்டிகை நாள் விவகாரங்கள்தான். அதே பகுதியில்தான் மிஷ்னா (தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு) நேராகச் சொல்கிறது: கட்டையிலிருந்தோ கல்லிலிருந்தோ தீ எடுக்கக் கூடாது. இல்லாத ஒன்றைப் பண்டிகை நாளில் புதிதாகப் பிறப்பிக்கக் கூடாது என்று தல்மூத் காரணம் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் வேறு காரணம் சொல்கிறார், எனக்கு அதுதான் பிடித்தது: முந்தின நாள் மாலையே தீயை உண்டாக்கி வைத்திருக்கலாமே, அப்படியிருக்க இன்று எதற்கு?

இப்போது சொல்லுங்கள், முன்கூட்டியே ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி சட்டத்தை ஏமாற்றுகிறதா, சட்டம் கேட்டதைச் செய்கிறதா? முதல் நாளே தயார் செய் என்கிறது சட்டம். அவர்கள் தயார் செய்கிறார்கள்.

ஏட்டிக்குப்போட்டி:
அது மைமோனிடிஸ் காலத்துச் சமாதானம். அன்று சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தட்டி நெருப்பு எடுப்பது ஒரு வேலை, தடுத்தார்கள், புரிகிறது. இன்று தீக்குச்சி ஒரு நொடி வேலை. இந்த 48 மணி நேர மெழுகுவர்த்தியைக் கடை கடையாகத் தேடி அலைவதுதான் பெரிய வேலையாக இருக்கும் போலிருக்கிறது.

ஓலைச்சுவடி:
"வேலை" என்று அவர்கள் சொல்வது உடல் களைப்பைப் பற்றியது இல்லை சார், அங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். மூன்று மாடி ஏறி இறங்கினால் ஷபாத் மீறல் இல்லை, ஒரு பொறியை உண்டாக்கினால் மீறல். உரசும் தீக்குச்சி 1820களில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. வந்த பிறகும் ரப்பிகள் (யூத மதகுருக்கள்) பழைய கல்லையும் கட்டையையும் வைத்துத்தான் பார்த்தார்கள்: உரசினால் பிறப்பது புதுத் தீ, கூடாது. ஆனால் அதே தீக்குச்சியின் தலையை எரிகிற மெழுகுவர்த்தியில் காட்டிப் பற்றவைத்தால் கூடும், அப்போது அது வெறும் மரக்குச்சி. தீக்குச்சியின் மேல் யாருக்கும் பகை இல்லை, தீ எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

ஜெர்சி செந்தில்:
அதேதான் பார்த்திருக்கிறேன். ஏற்றி முடித்ததும் குச்சியை ஊதி அணைக்க மாட்டார்கள், உதறவும் மாட்டார்கள். ஒரு தட்டில் வைத்துவிடுவார்கள், அது தானாக எரிந்து கருகும். முதல் தடவை பார்க்கும்போது, ஐயோ கை சுட்டுவிடும் ஊதுங்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

ஒரு சுவாரசியமான விஷயம். போன வருடம் சுக்கோட் இரண்டாம் இரவு எதிர்வீட்டு அம்மா கையில் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மெழுகுவர்த்தியோடு மாடிப்படியில் வந்துகொண்டிருந்தார். அவர்கள் வீட்டுத் தீ அணைந்துவிட்டதாம், மேல்மாடி உறவினர் வீட்டில் போய்த் தீ வாங்கி வருகிறார். ஷபாத்தில் வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கிச் செல்வதற்கே ஆயிரம் விதி, பண்டிகையில் தேவைக்குத் தூக்கிச் செல்லலாம், அதனால் இது முடிகிறது. இந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் போய் நெருப்பு கேட்கிற ஒரே ஜனம் இவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

குமரிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. ஓலைச்சுவடி ஐயா சொன்னது தெளிவாக இருந்தது. பாட்டியிடம் "முந்தின நாளே தயார் செய்ய வேண்டும், அதுதானே?" என்றேன், முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தத் தீ அணைந்துவிட்டால் நான் லைட்டரால் ஏற்றிக் கொடுத்தால் என்ன? எனக்கு இந்தச் சட்டம் இல்லையே.

ஓலைச்சுவடி:
மன்னியுங்கள் அம்மா, வாதத்தில் விட்டுப்போய்விட்டது. நீங்கள் உங்களுக்காக விளக்கேற்றலாம், அதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் பாட்டி உங்களிடம் "எனக்காக ஏற்று" என்று சொல்வதுதான் அவருக்குத் தடை. யூதர் தான் செய்யக் கூடாத வேலையை யூதர் அல்லாதவரைச் செய்யச் சொல்லக் கூடாது. இதில் மிஷ்னாவின் ஷபாத் பகுதியில் ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது, கிட்டத்தட்ட 1800 வருடம் முந்தையது, உங்களைப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கும்: யூதர் அல்லாத ஒருவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தில் யூதர் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளலாம், யூதருக்காக ஏற்றினால் கூடாது. அதாவது நீங்கள் பாத்திரம் கழுவுவதற்காகச் சமையலறை விளக்கைப் போட்டால் பாட்டி அதே வெளிச்சத்தில் தண்ணீர் குடிக்கலாம்.

நோயாளி என்றால் சட்டம் நன்றாகவே தளரும். உயிருக்கு ஆபத்து என்றால் தளர்வு என்ற பேச்சே இல்லை, யூதரே நேராகச் செய்துவிட வேண்டும், யாரையும் தேடக் கூடாது. பண்டிகை விளக்கு ஆசீர்வாதம் சொல்லி ஏற்ற வேண்டிய சடங்கு என்பதால், பாட்டியே தன் கையால் ஏற்றுவதுதான் சரி. நீங்கள் கையைப் பிடித்துத் தாங்கிக்கொள்ளலாம். உங்கள் லைட்டர் தீயிலிருந்து அவர் எடுக்கலாமா என்பதை மட்டும் அவருடைய ரப்பியிடம் முன்னாடியே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலைக்குப் பிறகு அவர் போன் எடுக்க மாட்டார்!

வயர்மேன் பாலு:
நான் மதத்துக்குள் போகவில்லை, எலெக்ட்ரீசியன் என்பதால் கேட்கிறேன். இவ்வளவு சிரமத்துக்கு ஒரு பல்பைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? டைமர் வைத்தால் தானே எரியும், தானே அணையும். அது தீயா இல்லையா?

ஓலைச்சுவடி:
பாலு சார், உங்கள் கேள்வி ஒரு நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. மின்விளக்கு வந்த புதிதில் பெரிய பெரிய ஆட்களே இரண்டு பக்கமும் நின்றார்கள். பழைய குண்டு பல்பில் உள்ளே உலோக இழை சிவக்கச் சூடாகிறது இல்லையா, அதனால் அது தீதான் என்றார்கள். வில்னாவின் ரப்பி ஹாயிம் ஓசெர் க்ரோட்சின்ஸ்கி ஷபாத் முடியும் சடங்குக்கு மெழுகுவர்த்திக்குப் பதில் பல்பையே வைத்து ஆசீர்வாதம் சொன்னார் என்பது பிரபலம். இது தீ, ஷபாத்தில் சுவிட்ச் போடாதே என்று ஜனங்களுக்குக் காட்டத்தான் அப்படிச் செய்தாராம்.

பண்டிகை நாள் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. "ஆரூக் ஹஷுல்ஹான்" எழுதிய ரப்பி யெஹியேல் மிஹெல் எப்ஸ்டைன், பண்டிகையில் சுவிட்ச் போடலாம் என்றார். கம்பியில் மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது, சுவிட்ச் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது, ஆக இது இருக்கிற தீயிலிருந்து தீ எடுப்பது மாதிரி என்பது அந்தப் பக்கத்து வாதம். ஸெஃபார்தி (ஸ்பெயின் வழி வந்த யூதர்) ரப்பிகளிலும் சிலர் அனுமதித்திருக்கிறார்கள். பிறகு பெரும்பாலானோர் இதை மறுத்துவிட்டார்கள், கம்பியில் ஓடுவது தீ இல்லை, இழையில் புதிதாகத்தான் தீ பிறக்கிறது என்று. 1935இல் ரப்பி ஷ்லோமோ ஸல்மான் அவுவர்பாக் மின்சாரத்துக்கென்றே தனி நூல் எழுதினார்.

எல்.இ.டி.யில் சிவக்கும் இழையே இல்லாததால் பழைய வாதம் அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் ஓடும் அறையில், மெழுகுவர்த்தி ஏற்ற முடியாதவர்கள் ஷபாத்துக்கு முன்னால் மின்விளக்கைப் போட்டு வைக்கிறார்கள். ஆசீர்வாதம் சொல்லலாமா, பேட்டரி விளக்குத்தான் வேண்டுமா என்பதில் ரப்பிக்கு ரப்பி பதில் மாறும்.

வயர்மேன் பாலு:
எப்ஸ்டைன் சொன்னது எலெக்ட்ரிக்கலாகத் தப்பு. சர்க்யூட் மூடாத வரை இழையில் கரண்ட் ஓடுவதே இல்லை, வோல்டேஜ் மட்டும்தான் காத்திருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் மின்சாரமே புதுசு, அதற்கு அந்த யோசனை மோசம் இல்லை. மனுஷன் யோசித்திருக்கிறார்.

ஏட்டிக்குப்போட்டி:
சரி, தீ எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி என்று ஒப்புக்கொள்கிறேன், அதுவரை வாதம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இன்னொரு இடி. ஹனுக்கா பண்டிகையில் எட்டு நாளும் தீக்குச்சி கிழித்துத்தானே ஏற்றுகிறார்கள்? வெள்ளை மாளிகையில்கூட ஏற்றுகிறார்கள், டிவியில் பார்த்தேன். அப்போது மட்டும் புதுத் தீ பரவாயில்லையா?

ஜெர்சி செந்தில்:
ஹனுக்காவில் வேலைத் தடையே கிடையாது சார், ஆபீஸ் போவார்கள், கார் ஓட்டுவார்கள். தோராவில் (மோசேயின் ஐந்து நூல்கள்) சொன்ன பண்டிகை இல்லை அது, மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் காலத்து வெற்றி. அதனால் லைட்டர், தீக்குச்சி எல்லாம் சரி. அந்த எட்டு நாளில் வரும் வெள்ளிக்கிழமை மட்டும் கவனம்: ஹனுக்கா விளக்கை முதலில், ஷபாத் விளக்கை அப்புறம், இரண்டும் சூரியன் மறையும் முன்.

ஓலைச்சுவடி:
ஹனுக்கா விளக்கில் வேறு ஒரு நோக்கம் இருக்கிறது: அற்புதத்தை ஊருக்குத் தெரியப்படுத்துவது. அதனால் வாசலில், ஜன்னலில் வைக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் படிக்கவோ காசு எண்ணவோ கூடாது, பார்க்க மட்டும்தான். ஷபாத், பண்டிகை விளக்கு நேர்மாறு, அது சாப்பாட்டு மேசைக்கு வெளிச்சம், வீட்டில் இருட்டில் தடுக்கி விழுந்து சண்டை வராமல் இருப்பதற்கு. கையில் ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறது, ஹனுக்காவா ஷபாத்தா என்று தல்மூத்தில் கேள்வி வருகிறது. ஷபாத் விளக்கு என்பது பதில். காரணம் வீட்டு அமைதி. ஊருக்கு அற்புதம் தெரிவதைவிட வீட்டுக்குள் வெளிச்சம் பெரிது என்று முடிவு செய்திருக்கிறார்கள், எனக்கு இந்த ஒரு வரி போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வக்கீல்களுக்குப் பிடிக்கும். மிஷ்னாவில் நஷ்டஈட்டு வழக்கு ஒன்று. ஆளிநார் சுமந்த ஒட்டகம் தெருவில் போகிறது, சுமை கடைக்குள் நீட்டி, கடைக்காரர் விளக்கில் பற்றிக் கட்டடம் எரிந்துவிடுகிறது. ஒட்டகக்காரர் பொறுப்பு. ஆனால் கடைக்காரர் விளக்கை வெளியே வைத்திருந்தால் கடைக்காரர் பொறுப்பு. அங்கே ரப்பி யெஹூதா குறுக்கிட்டு, அது ஹனுக்கா விளக்கு என்றால் கடைக்காரருக்குப் பொறுப்பு இல்லை என்கிறார், வெளியே வைக்கச் சொன்னதே சட்டம்தானே.

கொச்சித்தமிழன்:
மட்டாஞ்சேரியில் வளர்ந்தவன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. 1568இல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே கூரையிலிருந்து கண்ணாடி எண்ணெய் விளக்குகள் தொங்கும், அந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெய்தான் ஊற்றுவார்கள். மெழுகுவர்த்தி என்றே நாம் எல்லோரும் பேசுகிறோம், ஆனால் சட்டம் எண்ணெய் விளக்கைத்தான் முதலில் நினைக்கிறது. கொங்கண் கடற்கரைப் பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு ஊரார் வைத்த பெயரே சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள், செக்கு ஆட்டுவதுதான் அன்றைய தொழில், சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது.

குமரிக்காரி அக்காவுக்கு ஒரு யோசனை: மெழுகுவர்த்தியை விட எண்ணெயும் மிதக்கும் திரியும் வைத்த கண்ணாடிக் கிண்ணம் வசதி. பண்டிகை இரவில் மெழுகுவர்த்தியின் அடியை உருக்கித் தாங்கியில் ஒட்டக் கூடாது, மெழுகைத் தேய்த்துப் பூசுவது தடை செய்த வேலைக் கணக்கில் வரும். அதனால் சரியாக உட்காராத மெழுகுவர்த்தி சாயும். கண்ணாடிக் கிண்ணம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

குமரிக்காரி:
அருமையான யோசனை. இங்கே எண்ணெய் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பிகளே பெட்டியில் கிடைக்கின்றன, அப்படியே வைத்து ஏற்ற வேண்டியதுதான்.

இன்னொரு சந்தேகம், இது பாட்டி சொன்னது. வெள்ளிக்கிழமை ஏற்றும்போது அவர் முதலில் ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம்தான் ஆசீர்வாதம் சொல்வார். ஆனால் பண்டிகைக்கு முதலில் ஆசீர்வாதம், பிறகு ஏற்றுவது என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா இரண்டுக்கும் ஒரே மாதிரி ஏற்றிவிட்டுத்தான் சொல்வார். யார் செய்வது சரி? கேட்டால் இரண்டு பேருமே "என் அம்மா இப்படித்தான்" என்கிறார்கள்.

ஓலைச்சுவடி:
அம்மா, இந்தக் கேள்விக்காகவே இந்த இழையில் உட்கார்ந்திருக்கலாம். இதில் நடுவில் ஒரு பெண் இருக்கிறார்.

பொதுவாக யூத சட்டத்தில் ஆசீர்வாதம் முதலில், காரியம் பிறகு. ஷபாத் விளக்கில் சிக்கல் என்னவென்றால், பெண் ஆசீர்வாதம் சொல்லிவிட்டால் ஷபாத்தை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு, அப்புறம் தீ தொட முடியாது. அதனால் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கத்தில் ஏற்றிவிட்டு, கண்ணை மூடி, ஆசீர்வாதம் சொல்லிவிட்டு, கண்ணைத் திறப்பார்கள். விளக்கைப் பார்க்காமல் சொல்வதால் ஆசீர்வாதம் முன்னால் வந்தது மாதிரி. (ஸெஃபார்திகளில் ரப்பி ஓவதியா யோசெஃப் ஷபாத்துக்கும் ஆசீர்வாதமே முதலில் என்று சொன்னவர்.)

இப்போது லெம்பெர்க்கில், இன்றைய உக்ரைனின் லிவிவ், 1614இல் இறந்த ரப்பி யெஹோஷுவா ஃபால்க் என்ற பெரிய சட்ட அறிஞர். அவர் மனைவி பெய்லா. அவர்கள் மகன் அப்பாவின் நூலுக்கு முன்னுரை எழுதும்போது அம்மாவின் சட்ட அறிவைப் பற்றியும் எழுதினார். பெய்லா சொன்னது இது: பண்டிகையில் ஆசீர்வாதம் சொன்ன பிறகும் தீ தொடலாம், ஒரு தீயிலிருந்து இன்னொன்றை ஏற்றலாம், அப்புறம் ஏன் ஷபாத் மாதிரி தலைகீழாகச் செய்ய வேண்டும்? ஆசீர்வாதம் முதலில், ஏற்றுவது பிறகு.

எவ்வளவு சுத்தமான வாதம் பாருங்கள். பிறகு வந்த மாகென் அவ்ராஹாம் (நூலின் பெயராலேயே அறியப்படும் 17ஆம் நூற்றாண்டு ரப்பி) இதை ஏற்கவில்லை, ஷபாத்துக்கும் பண்டிகைக்கும் வேறுபாடு வைக்க வேண்டாம் என்றார். 18ஆம் நூற்றாண்டில் பிராக் நகரின் ரப்பி யெஹெஸ்கேல் லாண்டாவ் இல்லை, அந்த அம்மா சொன்னதுதான் சரி என்று அவர் பக்கம் நின்றார். ஆக உங்கள் பாட்டி பெய்லா பக்கம், பக்கத்து வீட்டம்மா மாகென் அவ்ராஹாம் பக்கம். இரண்டு பேரும் தங்கள் அம்மாவிடமிருந்து கற்றார்கள், இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

ஏட்டிக்குப்போட்டி:
400 வருடத்துக்கு முன் ஒரு பெண்ணின் தர்க்கத்தை மறுக்க ஒரு பெரிய ரப்பி இறங்கி வர வேண்டியிருந்தது என்பது நல்ல செய்தி. இந்தப் பெய்லாவோடு எனக்குச் சண்டை இல்லை, அவர் என் கட்சி: காரணம் இல்லாத இடத்தில் பழக்கத்தை நீட்டாதே.

ஓலைச்சுவடி:
அப்படியானால் மெழுகுவர்த்தியும் உங்கள் கட்சிதான் சார். பெய்லாவின் வாதமே பண்டிகையில் தீயிலிருந்து தீ எடுக்கலாம் என்பதன் மேல்தான் நிற்கிறது, நீங்கள் ஏமாற்று என்று சொன்ன அதே விதி. அந்த விதியைத் தட்டிவிட்டால் அவர் வாதம் விழுந்துவிடும்.

ஏட்டிக்குப்போட்டி:
பிடித்துவிட்டீர். வேறு வழியில் வருகிறேன். ஷபாத்துக்கு முன்னாடி ஏற்றி வைத்து ஷபாத் முழுக்க எரியவிடுவதாவது எல்லா யூதர்களும் ஒப்புக்கொண்டதா?

ஓலைச்சுவடி:
இல்லை, நல்ல கேள்வி. காராயர்கள் என்ற பிரிவினர் தோராவை மட்டும் ஏற்று, ரப்பிகளின் வாய்மொழி மரபை ஒதுக்கியவர்கள். அவர்கள் பல நூற்றாண்டு வெள்ளி இரவு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள், வீட்டில் தீ எரியவே கூடாது என்று. எத்தியோப்பிய யூதர்களும் ஓய்வுநாளுக்கு முன் தீயை அணைத்து வந்தார்கள். ரப்பிகள் வழி வந்தவர்களுக்கு ஷபாத் விளக்கு வெறும் அனுமதி இல்லை, கட்டாயக் கடமை. காராயர்களுக்குப் பதிலடியாகத்தான் அந்த விளக்குக்கு ஆசீர்வாதமே வலுப்பெற்றது என்று பல ஆய்வாளர்கள் சொல்வார்கள். 15ஆம் நூற்றாண்டில் எலியா பஷ்யாட்சி என்ற காராய அறிஞர் முன்னாடியே ஏற்றிய விளக்கை அனுமதித்தார், அதில் அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. உங்கள் "ஒரு பக்கம் நில்" கட்சி அங்கே இருந்தது, இருட்டில்.

ஜெர்சி செந்தில்:
வாதம் எல்லாம் இருக்கட்டும், அக்காவுக்குப் பாதுகாப்பைச் சொல்ல மறந்துவிட்டோம். 48 மணி நேர மெழுகுவர்த்தியை மேசையில் வைக்காதீர்கள், திரைச்சீலை பக்கம் வேண்டவே வேண்டாம். இங்கே பலர் சமையலறைத் தொட்டிக்குள், ஸிங்க்கில், உலோகத் தட்டின் மேல் வைத்துவிடுவார்கள். குவளை வெடித்தாலும் தொட்டியோடு போகும். 2015 மார்ச்சில் புரூக்ளினின் மிட்வுட் பகுதியில் ஷபாத்துக்காகப் போட்டு வைத்த மின்சார ஹாட் பிளேட்டில் தீப்பிடித்து ஒரே குடும்பத்து 7 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அது மெழுகுவர்த்தி இல்லைதான், ஆனால் இரவு முழுக்க எரியவிடும் எதற்கும் அதே பயம் உண்டு. ஸ்மோக் டிடெக்டரில் பேட்டரி இருக்கிறதா என்று வெள்ளி காலையிலேயே பாருங்கள். தீப்பிடித்தால் யோசிக்காமல் அணையுங்கள், கூப்பிடுங்கள்.

வயர்மேன் பாலு:
கேஸ் அடுப்பில் சின்னத் தீயை எரியவிட்டு அதிலிருந்து எடுப்பதும் உண்டு என்று கேள்விப்பட்டேன். அக்கா அதைச் செய்வதாக இருந்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடிய சமையலறையில் 25 மணி நேரம் கேஸ் எரிவது நல்லதில்லை, வயதானவர் இருக்கும் வீடு வேறு.

குமரிக்காரி:
கேஸ் வேண்டாம் என்று பாட்டியே சொல்லிவிட்டார். இங்கே சில வீடுகளில் ஹகாஸ் என்று கேஸ் குழாயில் பொருத்தும் டைமர் இருக்கிறது, நேரம் முடிந்ததும் கேஸை நிறுத்திவிடும், அதனால் யாரும் கைவைத்து அணைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இல்லை.

ரப்பியிடம் பாட்டியே போனில் பேசிவிட்டார். 48 மணி நேரத்து நேர் நெஷாமா (இறந்தவர்களுக்கு ஏற்றுவது, ஆனால் இதற்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்) ஒன்றும், அவசரத்துக்கு இன்னொன்றும், இரண்டையும் வெள்ளி மாலை ஷபாத் விளக்குக்கு முன் ஏற்றித் தொட்டியில் வைத்துவிடச் சொன்னார். சனிக்கிழமை பகலில் பண்டிகைக்காக மேசையில் விளக்கு எடுத்து வைப்பதுகூடக் கூடாதாம், ஷபாத் பகலில் பண்டிகைக்குத் தயார் செய்யக் கூடாது என்பதால். நட்சத்திரம் தெரிந்து, பாட்டி ஒரு சின்ன வாக்கியம் சொல்ல வேண்டும், ஒரு புனித நாளையும் இன்னொரு புனித நாளையும் பிரித்த கடவுளை வாழ்த்துவது, அதன் பிறகுதான் எதையும் தொடலாம்.

ஓலைச்சுவடி:
சரியாகச் சொன்னார். அன்று இரவு ஷபாத் முடியும் சடங்கும் பண்டிகைத் திராட்சைரசக் கிண்ணத்தோடு சேர்ந்தே வரும். அதற்கு வழக்கமான பின்னல் மெழுகுவர்த்தி வேண்டாம், ஏற்றினால் அணைக்க முடியாது. பண்டிகை விளக்கைப் பார்த்தே தீக்கான ஆசீர்வாதத்தைச் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, "இந்த நாள் வரை எங்களை வாழவைத்த" என்ற ஷெஹெஹெயானு ஆசீர்வாதத்தைப் பாட்டி விளக்கேற்றும்போதே சொல்லிவிட்டால், பிறகு மேசையில் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

குமரிக்காரி:
குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. பஸ்காவின் ஏழாம் நாளுக்கும் இதே மாதிரி தீயைக் காவல் காக்க வேண்டுமா? அது ஏப்ரல் 18 வெள்ளி மாலை தொடங்குகிறது.

ஓலைச்சுவடி:
வேண்டாம் அம்மா. வெள்ளி பகல் சாதாரண இடைநாள், ஏழாம் நாள் ஷபாத்தோடு சேர்ந்தே அன்று மாலை வருகிறது. ஷபாத் மாதிரிதான்: சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்னால் பாட்டியே தீக்குச்சி கிழித்து ஏற்றலாம். ஆசீர்வாதத்தில் ஷபாத், பண்டிகை இரண்டு பெயரும் வரும். ஷெஹெஹெயானு மட்டும் கிடையாது, பஸ்காவின் ஏழாம் நாளைத் தனிப் பண்டிகையாக எண்ணுவதில்லை. 48 மணி நேர மெழுகுவர்த்தி இதற்குத் தேவையில்லை.